மெக்சிகன் கடையில் கை நனைத்தது

சங்கரன்கோவிலில் உரக்கடை வைத்திருக்கிறேன். கம்பெனிக்காரர்கள் வியாபாரிகள் கூட்டம் போட்டதால் சென்னைக்குப் போயிருந்தேன். அங்கேயே பிரியாணி உண்டு. ஆனால் மகள், அதெல்லாம் சாப்பிட வேண்டாம், என் ஆபீஸ் பக்கம் வாங்க என்று போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். கமகமவென்ற பிரியாணியை விட்டுவிட்டு வந்தவனை அவள் கூட்டிப்போனது ஒரு மெக்சிகன் கடைக்கு. அரை மணி நேரத்தில் சீட்டுக்குத் திரும்ப வேண்டுமாம்.

அங்கே மேசைக்கு வந்து கேட்கிற ஆள் கிடையாது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு பெண் கேள்வி கேட்டாள். சோறா, சப்பாத்தியில் சுருட்டித் தரவா? எந்தப் பயறு? காரம் எவ்வளவு? எங்கள் ஊர்ப் பந்தியில் கையை விரித்து இலையை மறைத்தாலும் விரலிடுக்கில் கூட்டை வைத்துவிட்டுப் போவார்கள். இங்கே ஒரு கரண்டி விழ ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது. பின்னால் வரிசை வேறு. திருதிருவென்று விழித்து, எல்லாவற்றுக்கும் தலையாட்டிவைத்தேன். பச்சையாக ஒன்றை மேலே அப்பினாள். பட்டர் ஃப்ரூட்டாம். சோற்றில் பழத்தைப் பூசுகிறவர்களை என்ன சொல்ல?

பணத்தை எடுப்பதற்குள் பின்னால் நின்ற பையன் ஒருவன் மூன்று பேருக்கும் சேர்த்துக் கட்டிவிட்டான். கூட வேலை பார்க்கிறவர் என்றாள் மகள். அவனும் எங்கள் மேசையிலேயே வந்து உட்கார்ந்தான். மரியாதை தெரிந்த பிள்ளை என்று நினைத்துக்கொண்டு ஸ்பூனால் இரண்டு வாய் சாப்பிட்டேன். புளிப்பா, காரமா, ஒன்றும் பிடிபடவில்லை.

மகள் கிண்ணத்தைத் தொடவே இல்லை.

"அப்பா, இவங்களத்தான் எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள்.

எங்கள் பக்கம் சம்பந்தம் பேசப் போன வீட்டில் பேச்சு முடிகிறவரை கை நனைக்க மாட்டோம். சாப்பிட்டுவிட்டால் சம்மதித்த மாதிரி. எனக்கோ இரண்டு வாய் உள்ளே போயிருந்தது, அதுவும் அவன் காசில். இது சேர்த்தியா இல்லையா? யாரிடம் போய்க் கேட்பது? ஸ்பூனை வைத்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளினேன். ருசி பிடிக்கவில்லை என்று நினைத்து, வேறு ஏதாவது வாங்கவா என்றாள் மகள். அவனுக்குத்தான் புரிந்தது.

"சாப்பிடுங்க. இது கடைதான, எங்க வீடு இல்லல்லா. கை நனைச்சதா ஆவாது."

எங்கள் பக்கத்துப் பேச்சாக இருக்கவே எந்த ஊர் என்று கேட்டேன். சிவகிரி என்றான். எங்கள் ஊரில் பஸ் ஏறினால் சட்டென்று போய்விடுகிற ஊர். அவன் டெல்லிக்காரனாக இருந்திருந்தால் எனக்குக் கேட்க ஒன்றும் இருந்திருக்காது. சிவகிரி என்றதும் அடுத்த கேள்வி நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. எந்தத் தெரு? தெருவைச் சொன்னால் போதும், யார் எவர் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். சொந்தக்காரர்களுக்காக எத்தனையோ மாப்பிள்ளைகளை இந்த ஒரு கேள்வியிலேயே கழித்துக் கட்டியிருக்கிறேன்.

மகள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அந்தக் கேள்வி தெரியும். அவனும் பதிலோடு காத்திருந்தான், முகத்திலேயே தெரிந்தது. எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. பயமாகவும் இருந்தது. கேட்டால் இவளைத் திரும்ப எப்போது பார்ப்பேன்? கேட்காமல் ஊருக்குப் போய் என்ன சொல்வேன்?

ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது. தள்ளிய கிண்ணத்தைத் திரும்ப இழுத்து, ஸ்பூனை ஓரமாகப் போட்டுவிட்டு, முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, பயறும் பழமும் சோறுமாகக் கையாலேயே பிசைந்தேன். பக்கத்து மேசைக்காரர்கள் பார்த்தார்கள். ஒரு வாய் போட்டுக்கொண்டு அவனிடம் கேட்டேன்.

"இப்ப கை நனைச்சதா ஆவுமாவே?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அரை மணி நேரம் முடிந்த பிறகும் மகள் எழுந்திருக்கவில்லை.