அவரைத் தூங்கவைக்க

என் கணவருக்கு மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் வேலை. ஒரு வாரம் பகல் ஷிப்ட், மறுவாரம் ராத்திரி. ராத்திரி ஷிப்ட் வாரங்களில், முத்தியால்பேட்டையில் இருந்த எங்கள் ஒற்றை அறையைப் பகலில் இருட்டாக்குவதே என் வேலை. ஜன்னலில் போர்வையை மாட்டுவேன். விசிலுக்குப் பயந்து குக்கர் வைக்க மாட்டேன். அப்படியும் அவர் கண்ணை மூடியபடி விழித்தே கிடப்பார்.

அந்த வருஷம் தெருவில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அவருக்கும் வந்தது. எனக்கு வந்தால் சீக்கிரம் எழுந்துவிடுவேன். அவருக்கு ஒன்று விடுவதற்குள் அடுத்தது.

அந்தச் சமயத்தில் எதிர்வீட்டில் புதிதாகக் கட்டிய மாடிக்கு டைல்ஸ் பதிக்க ஆரம்பித்தார்கள். டைல்ஸ் அறுக்கும் மிஷின் காலையிலேயே அலறியது. மேஸ்திரியிடம் ஓடினேன்.

"அண்ணா, அவரு இப்பதான் படுத்தாரு. மத்தியானத்துக்கு மேல அறுத்துக்கக் கூடாதா?"

"பகல்ல செய்யாம எப்பம்மா செய்யறது?"

மேஸ்திரி சொன்னதிலும் தப்பில்லை. வீட்டுக்கு வந்து கணவரின் காதுகளை உள்ளங்கைகளால் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன். "விடு, கை வலிக்கும்" என்றார்.

அடுத்த வாரம் அவர் நெற்றியில் கொப்புளங்கள் கிளம்பி இமைவரை இறங்கின. அக்கி. கதிர்காமம் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"சின்ன வயசுல அம்மை போட்டிருந்துதா? அந்தக் கிருமி உள்ளயே ஒளிஞ்சிட்டிருக்கும். எதிர்ப்பு சக்தி கொறஞ்சா வெளிய வரும்" என்றார் டாக்டரம்மா. "தூங்குறாரா?"

எல்லாவற்றையும் சொன்னேன்.

"உடம்புக்கு ராத்திரி எது, பகல் எதுன்னு ஒரு கணக்கு இருக்கும்மா. வாராவாரம் மாத்தினா தடுமாறும். தூக்கம் கெட்டா கிருமிய எதிர்க்கறதும் கொறயும். இவருக்கு அதனாலதான்னு அடிச்சு சொல்ல முடியாது. ஆனா மொதல்ல தூங்கணும்."

அங்கிருந்தே கம்பெனி கேட்டுக்குப் போய் சூப்பர்வைசரைக் கூப்பிடச் சொன்னேன்.

"சார், அவர பகல் ஷிப்ட்லயே போடுங்க சார்."

"எல்லாரும் பகலே கேட்டா ராத்திரிக்கு யாரும்மா வருவா?"

கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

கொப்புளங்கள் காய்ந்தன. கொப்புளம் இறங்கிய இடது கண்ணில் மட்டும் பார்வை மங்கலாகவே நின்றுவிட்டது. மிஷினில் விட முடியாது என்று, அதற்கப்புறம்தான் பகலில் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். இப்போது ராத்திரி தெருவே அடங்கிக் கிடக்கிறது. அவர் மட்டும் புரண்டு புரண்டு படுக்கிறார். "தூங்கலியா?" என்று கேட்பதைக்கூட நான் நிறுத்திவிட்டேன்.