புத்தகத்தில் பெயர் இல்லாத பிள்ளைத்தாய்ச்சி

தங்கை சுகிர்தாவின் ஸ்கூட்டர் கராஜில் கிடந்ததால், அன்று அவளை வீடு வீடாகக் கூட்டிப்போகும் பொறுப்பு சுதேஷுக்கு வந்தது. ஓட்டோவை மூன்று தடவை துடைத்தார். மாநகரசபையில் தெருக் கூட்டிய அவர்கள் அப்பா மூக்கையாவின் மகள் இன்று கட்டுகஸ்தோட்டைப் பக்கத்து மருத்துவிச்சி. "மிஸ்ஸோட அண்ணனா?" என்று யாராவது கேட்டால், காது கேளாதவர் போல இன்னொரு தடவை கேட்க வைப்பார்.

சுகிர்தா தன் கர்ப்பிணிப் பதிவுப் புத்தகத்தில் உள்ளவர்களைப் பார்த்ததோடு திரும்ப மாட்டாள். வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்கு யார் வந்திருக்கிறார்கள் என்று வாசல் வாசலாக விசாரிப்பாள். புருஷன் ஊர்ப் புத்தகத்தில் பெயர் இருக்கும், ஆள் இருக்காது. தாய் வீட்டில் ஆள் இருப்பாள், எந்தப் புத்தகத்திலும் பெயர் இருக்காது. அந்த இடைவெளியில்தான் உயிர் போகும் என்பாள்.

துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பின் கடைசி வீட்டில் வடிவம்மா கதவை மறைத்து நின்றார். உள்ளே கண்ணாடி வளையல் சத்தம் கேட்டு, சுகிர்தா அவரைத் தாண்டி உள்ளே போனாள். மகள் மதுஷா, எட்டு மாதம், புருஷன் ஊரான தெல்தெனியவிலிருந்து வந்து பத்து நாள். முகம் ஊதியிருந்தது. தாய் கைச் சாப்பாடு என்றார் வடிவம்மா. தலைவலியா என்று சுகிர்தா கேட்டதும் மதுஷா கண்ணை மூடியபடி தலையாட்டினாள். பிரஷர் நூற்றெழுபது.

இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், தள்ளிப்போட்டால் வலிப்பு வந்து இரண்டு உயிருக்கும் ஆபத்து என்றாள் சுகிர்தா. வடிவம்மா வாசலை விட்டு அசையவில்லை. கிளினிக் அட்டை சம்பந்தி வீட்டு அலுமாரியில் இருந்தது. மருமகன் கொண்டுவரச் சாயங்காலம் ஆகும். மூத்தவள் பிரசவத்துக்கு அட்டையில்லாமல் போய் எல்லார் முன்னாலும் பேச்சு வாங்கியதை அவர் மறக்கவில்லை.

"கூட்டுற சனத்துக்கு ஒரு ஒழுங்கும் தெரியாதுன்னாங்க மிஸ். திரும்பவும் என்னால கேக்க ஏலாது."

"நானும் அந்தச் சனந்தான், அம்மா. கூடவே வர்றேன், திட்டினா என்னையத் திட்டட்டும். அட்டை இல்லாம பிள்ள பொறக்கும். தாய் இல்லாம எப்புடிப் பொறக்கும்?"

வடிவம்மா கதவை விட்டு விலகினார். சுதேஷ் பள்ளம் மேடு பார்த்து, பாலத்து நெரிசலில் ஹோர்ன் அடித்தே வழி வாங்கினார். ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் அட்டையைக் கேட்டபோது வடிவம்மா பின்னால் ஒதுங்கினார். சுகிர்தா பிரஷரையும் நேரத்தையும் எழுதிய கடிதத்தை நீட்டிச் சிங்களத்தில் நாலு வார்த்தை சொன்னாள். நர்ஸ் வாசித்துவிட்டு ட்ரொலியை இழுத்தார்.

பின்னேரம் ஒப்பரேஷனில் பெண் பிள்ளை பிறந்தது. சிறிசுதான், ஆனால் நல்ல குரல். மதுஷாவும் கண் திறந்து தாயை அடையாளம் கண்டாள்.

வெளியே வந்த வடிவம்மா சுகிர்தாவின் கையைப் பிடித்தார். எங்கள் லைன் வீட்டு வரிசையிலேயே இன்னொரு பிள்ளைத்தாய்ச்சியும் தாய் வீட்டுக்கு வந்திருக்கிறாள், அட்டையில்லாததால் ஒளித்து வைத்திருக்கிறோம் என்றார்.

சுதேஷ் ஓட்டோவைக் குடியிருப்புப் பக்கம் திருப்பினார்.