பதினான்காவது வளைவில் ஒரு கொட்டாவி

இன்று மதியம் சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பஸ்ஸில் இருந்தேன். காலையிலிருந்து செல்போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். போன வாரம் அறிவியல் ஆசிரியர் வேலைக்கு நேர்காணல் நடத்திய தலைமையாசிரியை, இன்று முடிவு சொல்வதாகச் சொல்லியிருந்தார்.

பதினான்காவது கொண்டை ஊசி வளைவில் அழைப்பு வந்தது. அதற்குள் என் இரண்டு காதும் அடைத்துவிட்டன.

"கேக்கலைங்க மேடம்" என்றேன், மூன்று முறை.

பக்கத்து சீட்டில் இருந்த, காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டருக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க, காது அடைச்சுக்கிச்சுங்களா? நல்லா வாயத் தொறந்து ஒரு கொட்டாவி விடுங்க, சரியாப் போயிரும்."

எனக்குத் தெரியாததா? மேலே ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறையும். காதுக்குள் இருக்கும் காற்று செவிப்பறையை வெளியே தள்ளும். கொட்டாவி விட்டால் காதையும் தொண்டையையும் இணைக்கும் சிறு குழாய் திறந்து, அழுத்தம் சமமாகிவிடும். இதைப் பாடமாகவே நடத்துவேன்.

விட்டேன். சத்தமாக, போனை வாயருகே வைத்துக்கொண்டே.

காது படக்கென்று திறந்தது. போனில் முதலில் தெளிவாகக் கேட்டது இதுதான்:

"ஏனுங்க டீச்சர், நான் பேசறது அவ்வளவு போரடிக்குதுங்களா?"

அடுத்த வளைவில் சிக்னல் போய்விட்டது. வீட்டுக்கு வந்து நான்கு முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

கொட்டாவியைப் பற்றிப் படித்தாலே அது தொற்றிக்கொள்ளும். இதைப் படிக்கும்போது உங்களுக்கும் வந்திருந்தால் கீழே சொல்லுங்கள், மேடத்திடம் காட்டச் சாட்சி வேண்டும்.

பதிவு போரடித்ததால் வந்தது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.