முழங்கை வைத்தியம்

ரொட்டி அடுப்பில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் அவனுக்குக் கையெல்லாம் கொப்புளம். மருந்து தடவியே மனைவி அலுத்துப்போனாள். இரண்டாம் வருஷம் விரல்களிலும் உள்ளங்கையிலும் தோல் தடித்து, செருப்பின் அடிப்பாகம் மாதிரி ஆகிவிட்டது. அப்புறமென்ன, பிடிதுணி தோளில் தொங்கும். கொதிக்கிற தட்டை வெறுங்கையால் இழுத்து வைப்பான். புதிதாக வந்தவர்கள் வாயைப் பிளந்தால், "கை பழகிடுச்சுப்பா" என்பான் மிதப்பாக.

அந்த மிதப்புக்கு வீட்டில் ஆப்பு காத்திருந்தது. ஒரு மாலை துணி அலசிக்கொண்டிருந்த மனைவி, "பாப்பா சோர்ந்து கெடக்கா. தொட்டுப் பாருங்க, சுடுதா?" என்று கேட்டாள்.

கைக்குழந்தையின் நெற்றியில் கையை வைத்தான். "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கா."

சந்தேகப்பட்டு அவளே வந்து தொட்டாள். "ஐயோ, அனலா கொதிக்குது! இது கையா, கரண்டியா?"

டாக்டரிடம் ஓடி, மருந்து கொடுத்து, காய்ச்சல் இறங்கிய பிறகும் அவள் கோபம் இறங்கவில்லை.

அன்றிலிருந்து அவன் தன் கையை நம்புவதில்லை. குளிக்கிற தண்ணீரோ, பால் டம்ளரோ, மகளின் நெற்றியோ, எதுவானாலும் சட்டைக் கையை மடித்துவிட்டு முழங்கையை வைத்துத்தான் சூடு பார்ப்பான். பக்கத்து வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துவிட்டுப் போகட்டும்.

மகளுக்கு இப்போது மூன்று வயது. அடுப்புப் பக்கமே போகாத விரல்கள் அவளுக்கு. நேற்று பொம்மைக்குக் காய்ச்சல் என்று போர்த்திப் படுக்க வைத்தாள். பிறகு சட்டைக் கையை ஏற்றிவிட்டுக்கொண்டு, அதன் நெற்றியில் பதவிசாக முழங்கையை வைத்துப் பார்த்தாள்.