கறுப்பு வெள்ளை டிவியில் நரைத்துப்போன இளவரசி

வீடியோ டெக் சூடானால் ஒரு வாசனை வரும். ரப்பரும் தூசியும் சேர்ந்து வேகிற வாசனை... இன்றைக்கும் பழைய மிஷின் எதையாவது யாராவது ஓடவிட்டால், எனக்குப் படம் பார்க்க உட்காரத் தோன்றும்.

அப்பா ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர், கணக்கெழுதும் வேலை. தொழிலாளர் லைனுக்குப் பக்கத்திலேயே எங்கள் வீடு. அந்த வட்டாரத்தில் டிவி இருந்தது எங்களிடம் மட்டும்தான். ஒண்டிக்கடை முக்கில் டெக் வாடகைக்கு விடுகிறவர் ஒருமுறை, தமிழ்ப் படங்களோடு "பசங்களுக்கு" என்று ஒரு இங்கிலீஷ் கார்ட்டூன் கேசட்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்.

எங்களுடையது கறுப்பு வெள்ளை டிவி. நடந்ததெல்லாம் அதனால்தான்.

படத்தில் இரண்டு பெண்கள். ஒருத்திக்கு இடுப்புக்குக் கீழே வரை தும்பைப்பூ மாதிரி வெளுத்த முடி. இன்னொருத்திக்குக் கருகருவென்ற கூந்தல், மை தீட்டிய கண், நிறைய நகை. யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது. கறுப்பு முடிக்காரிதான் கதாநாயகி என்று பிள்ளைகள் நாங்கள் முடிவு செய்துவிட்டோம். பாவம், ஒரு கிழவி வந்து அவள் அரண்மனையில் பாடிக்கொண்டே திரிகிறாள்...

ராஜகுமாரன் அந்தக் கிழவியின் கையைப் பிடித்தபோது என் தம்பிக்குத் தாங்கவில்லை. "அய்யே, கெழவியப் போயிக் கட்றான்."

பின்னால் கதவோரம் சரசு அக்கா உட்கார்ந்திருந்தார். எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை பொறுக்கும் வேலை. இருபத்தைந்து வயதுக்குள் தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. இளநரை. லைனில் அவருக்கும் கெழவி என்றுதான் பட்டப்பெயர். பெண் பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் போய்க்கொண்டிருந்த காலம் அது.

"கெழவி இல்ல சாமி," என்றார் தம்பியிடம். "மூஞ்சியப் பாரு, கையப் பாரு. சின்னப் புள்ள. முடி மட்டுந்தான் நரைச்சிருக்குது, என்னையாட்டம்."

படம் முடிந்ததும் அம்மாவிடம் கேட்டார். "ஏனுங்க ரைட்டரம்மா, இன்னொருக்காப் போடலாமுங்களா?"

இரண்டாவது முறை அவர் மட்டும்தான் பார்த்தார். எல்லோரும் போன பிறகு அப்பா சிரித்துக்கொண்டே, அது நரையில்லை, வெள்ளைக்காரப் பெண்களின் பொன்னிற முடி, கலர் டிவியாக இருந்தால் தெரிந்திருக்கும் என்றார். அந்தப் பிள்ளையிடம் சொல்லட்டுமா என்றும் கேட்டார். அம்மா சிரிக்கவில்லை. "நீங்க போயிச் சொல்லித்தான் ஆகோணுமா? சும்மா இருங்க."

அடுத்த ஞாயிறு சரசு அக்காவைப் பார்க்கச் சேலத்திலிருந்து ஆள் வருவதாக இருந்தது. அவருடைய அண்ணி சாயப்பொடி வாங்கி வைத்திருந்தார். அதைப் பூசினால் சரசு அக்காவுக்கு நெற்றியெல்லாம் தடித்துப் போகும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் பூசிக்கொள்வார். இந்த முறை மாட்டேன் என்றுவிட்டார். வெளுத்த தலையைப் படிய வாரி, கனகாம்பரம் வைத்துக்கொண்டு போய் நின்றார்.

மாப்பிள்ளை சம்மதித்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். மாப்பிள்ளையின் அம்மா இரண்டு முறை வயதைக் கேட்டார். கேசரி சாப்பிட்டார்கள். சொல்லியனுப்புகிறோம் என்று பஸ் ஏறினார்கள்... அவ்வளவுதான்.

அண்ணி நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். "உங்க ஊட்டு டிவியப் பாத்துப்போட்டுத்தானுங்க இவ இந்த ஆட்டம் ஆடறா." அதன்பிறகு சரசு அக்கா சாயத்தைத் தொடவேயில்லை. அடுத்த வருடம் மலைமேல் தலைச்சோலைக் கிராமத்திலிருந்து ஒருவர் வந்து, அந்தத் தலையோடேயே கட்டிக்கொண்டு போனார். ராஜகுமாரன் இல்லை. மனைவியை இழந்தவர், இரண்டு பெண் பிள்ளைகள்.

இப்போது என் தங்கை மகள் போனில் இந்த மாதிரிப் படங்களாகப் பார்த்துத் தள்ளுகிறாள். யார் கெட்டவள் என்று முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுகிறாள். எனக்கு ஒரு சந்தேகம். போனில் கலரை எடுத்துவிட்டு, சத்தத்தையும் நிறுத்திவிட்டு, அவள் பார்க்காத ஒரு படத்தைப் போட்டேன். அப்போதும் சரியாகச் சொன்னாள். "அவ புருவத்தைத் தூக்கறா பெரியம்மா." அதே கறுப்பு வெள்ளைதான், அதே ஊமைப்படம்தான்... நாங்கள் மட்டும் எப்படித் தப்பாகப் பார்த்தோம்? கெட்டவள் எப்படி இருப்பாள் என்று எங்களுக்கு அப்போது யாரும் சொல்லித் தந்திருக்கவில்லையோ என்னவோ.

போன மாதம் ஊருக்குப் போனபோது பஸ் ஸ்டாண்டில் சரசு அக்காவைப் பார்த்தேன். அறுபதைத் தாண்டிவிட்டார். தலைச்சோலை பஸ்ஸுக்குக் காத்திருந்தார். இத்தனை வருடம் கழித்து, அந்தப் படத்து இளவரசியின் முடி நரையில்லை, மஞ்சள் என்று மெதுவாகச் சொன்னேன்.

"தெரியுமே கண்ணு. கேசட் டப்பா மேல கலர்ல படம் போட்டிருந்துச்சுல்ல," என்றார். "டிவியில நரைச்சிருந்துச்சு. எனக்கு அது போதுமா இருந்துச்சு."

பேச்சை மாற்ற, அந்தக் கறுப்பு முடிக்காரி உண்மையில் அந்தப் பெண்ணின் சித்தி, இரண்டாந்தாரமாக வந்தவள், அவள்தான் வில்லி என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொல்கிறேன் என்று உறைத்தது.

அவர் ஆர்வமாகிவிட்டார். "அப்புடியா? அப்ப நானும் அந்தக் கட்சிதான். கடைசில அவ என்ன ஆனா? எனக்கு மறந்தே போச்சு."

"மலை உச்சியில இருந்து வழுக்கி விழுந்து செத்துப் போயிருவாங்க்கா. இந்தப் படங்கள்ல பெரும்பாலும் அப்படித்தான்."

பஸ் வந்துவிட்டது. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினார்.

"நானுந்தான் அத்தன வருசமா ரெண்டு புள்ளைகளையும் இழுத்துக்கிட்டு இந்த மலைய ஏறி எறங்குனேன். ஒரு நா வழுக்கலையே கண்ணு."