அன்னமுன்னாப் பூவுக்குக் கட்டிய நூல்

எங்கள் ராத்தா இறைவனிடம் மீண்டு ஒரு வருடம் நிறைவடைகிறது. தந்தவன் தன் அமானிதத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டான். அதில் எங்களுக்கு முறைப்பாடு ஏதும் இல்லை. இந்த நினைவு மலரைக் கையில் எடுக்கும் உறவினர்களும் அயலவர்களும் முதலில் அவருக்காக ஒரு துஆச் செய்துவிட்டுப் பிறகு வாசிக்கும்படி வேண்டுகிறேன். வாசித்த பிறகு செய்யலாம் என்று வைத்தால் மறந்துபோகும். மற்ற மலர்களில் எனக்கு அப்படி நடந்திருக்கிறது.

ராத்தா பிறந்தது பாலமுனையில். ஐந்து பிள்ளைகளில் அவர் மூத்தவர், நான் நான்காவது. எங்கள் உம்மா மௌத்தாகிக் கண்மூடியபோது கடைசித் தங்கைக்குப் பல்லும் முளைத்திருக்கவில்லை. ராத்தா எட்டாம் வகுப்போடு பாடசாலையை விட்டார். மற்ற நால்வரும் விடவில்லை. அவருடைய இளமை முழுவதையும் இதற்கு மேல் நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. பழைய கைமெசின் ஒன்றில் தையல் பழகினார். பெருநாளைக்கு எங்கள் ஐவருக்கும் ஒரே துணியில் உடுப்பு வரும். தெருவில் எவர் எங்களைக் கண்டாலும் இன்னாருடைய பிள்ளைகள் என்று தெரிந்துவிடும். நான் கணித ஆசிரியனாகி ஓய்வுபெறும் வரை என் சட்டைகளைத் தைத்ததும் அவர்தான். பொத்தான் மட்டும் நான் இருமுறை எண்ணிப் பார்ப்பேன் என்று கடைசிவரை கேலி செய்வார்.

எங்கள் வழக்கப்படி வீடு பெண்ணுக்குரியது. வாப்பா கல்முனைக் கரையில் ஒரு வளவு வாங்கி வீடு கட்டிக் கொடுத்தார். ராத்தாவைக் கலியாணம் முடித்து மச்சான் அந்த வீட்டுக்கு வந்தார். மாவடிப்பள்ளியில் வயல் செய்தவர். சத்தமாகக் கதைக்கத் தெரியாதவர். ஒரு மகன், ஒரு மகள். மச்சான் காலமாகி, விதவை வீட்டோடு இருக்கும் இத்தாவிலிருந்து ராத்தா வெளியே வந்த அடுத்த வருடம் கடல் ஊருக்குள் வந்தது. அன்று ராத்தாவும் பிள்ளைகளும் ஒரு கலியாணத்துக்காகச் சம்மாந்துறையில் நின்றார்கள். உயிர் தப்பியது, வீடு தப்பவில்லை. அந்த வளவில் இனி வீடு கட்டக்கூடாது என்று அரசாங்கத்தில் சொல்லிவிட்டார்கள். ராத்தாவுக்கு உள்ளே தள்ளி வேறு வீடு கிடைத்தது. கடற்கரை வளவின் பக்கம் அவர் பல வருடம் போகவேயில்லை.

பிறகு யாரோ வந்து, வளவு காடு பிடித்துக் கிடக்கிறது, பாம்பு வரும் என்று சொன்னார்கள். ராத்தாவும் நானும் பார்க்கப் போனோம். வீடு நின்ற இடத்தைச் சுற்றி அன்னமுன்னா மரங்கள், வெளியூரார் சீத்தாப்பழம் என்பார்களே அது, பதினொன்று நின்றன. யாரும் நட்டதில்லை, யாரும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றியதுமில்லை. கொப்பு நிறையப் பூ. ஆனால் பழம் என்று பார்த்தால் ஒரு மரத்துக்கு மூன்று நான்குதான். அவையும் ஒரு பக்கம் வீங்கி, மறுபக்கம் சூம்பி, எலுமிச்சங்காய் அளவில் தொங்கின.

“பூக்குது, பூக்குது, காய்க்குதில்ல” என்றார் ராத்தா. “வீடு போன இடத்துல ஒண்டு தானா வந்திரிக்கி. அது சும்மா பூத்துக் கொட்டுறத எனக்குப் பார்க்கேலாது தம்பி.”

அப்போது அவருடைய மகன் சவூதியில் ஒரு பேரீச்சைத் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். ஆண் மரத்துப் பூவை எடுத்துப் பெண் மரத்துப் பூவில் வைத்துக் கட்டுவோம், கட்டாவிட்டால் காய் இல்லை என்று அவர் போனில் சொன்னது ராத்தாவின் மனதில் விழுந்தது. நான் விவசாயக் கந்தோரில் விசாரித்தேன். அன்னமுன்னாவில் ஆண் மரம், பெண் மரம் என்று வேறில்லை என்று அங்கிருந்த உத்தியோகத்தர் விளக்கினார். ஒரே பூ முதலில் பெண்ணாக இருக்கும். அப்போது இதழ் அரைவாசிதான் விரிந்திருக்கும். அதன் பிறகு ஆணாகி, முழுதாய் விரிந்து மகரந்தத்தை உதிர்க்கும். இந்த இரண்டு நிலைக்கும் இடையில் சின்ன வண்டுகள் பூவுக்குப் பூ போய்வர வேண்டும். வண்டு குறைந்த இடத்தில் மகரந்தம் சரியாகப் படாது. பழம் சூம்பும், அல்லது பூவோடு உதிரும்.

“அப்ப வண்டு செய்ற வேலைய நீங்க செய்யப் போறீங்களா ராத்தா?”

“வண்டு வாறல்ல. நான் வாறன்.”

அப்படித்தான் தொடங்கியது. மாலையில் முழுதாய் விரிந்த பூக்களைப் பறித்து ஒரு பவுடர் டின் மூடியில் தாள் விரித்துப் போட்டு வைப்பார். விடியும்போது மூடியின் அடியில் மஞ்சள் தூள் இறங்கியிருக்கும். சுபஹுத் தொழுகை முடிந்து, மகள் கையைப் பிடிக்க, வளவுக்கு நடப்பார். அரைவாசி விரிந்த பூவின் இதழை இடக்கை விரலால் விலக்கி, சித்திரம் கீறும் சிறு தூரிகையால் தூளைத் தொட்டு, உள்ளே ஒரு சுற்றுச் சுற்றுவார். முதலில் சுற்றாமல் ஒற்றி மட்டும் எடுத்தார். அந்தக் காய்களெல்லாம் பழையபடி ஒரு பக்கம் சூம்பின. சுற்றத் தொடங்கிய பிறகுதான் உருண்டு வந்தன. ஊசியில் நூல் கோர்க்கும் கை அது, நடுங்காது. நான் ஒருநாள் செய்து பார்த்தேன். நான் தொட்ட ஏழு பூவும் காம்போடு கையில் வந்தன. “நீ போய் எண்ணு” என்று என்னை அனுப்பிவிட்டார்.

எந்தப் பூவைத் தொட்டோம், எதைத் தொடவில்லை என்று தெரிய வேண்டுமல்லவா. தையலில் மிஞ்சிய நூல்களை எடுத்து, தொட்ட பூவின் காம்பில் ஒவ்வொரு முடிச்சுப் போட்டார். சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று கையில் கிடைத்த நிறம் எல்லாம். இரண்டு கிழமைக்குள் பதினொரு மரத்திலும் நூல் ஆடியது. கடல் வெளிச்சத்தில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. வினையும் அங்கேதான் முளைத்தது.

ஒருநாள் காலையில் ராத்தா ஒரு மரத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். பூ இல்லாத மொட்டைக் கொப்பில் ஒரு நீல நூல். “இது என்ட நூலில்ல” என்றார். “என்னட்ட நீலம் முடிஞ்சி மாசமாச்சு.” அடுத்த மரத்தின் அடியில் இன்னொன்று. அதற்கடுத்ததில் ஒரு சீலைத் துண்டு. யாரும் நடாத மரம், வீடு போன இடத்தில் வளர்ந்த மரம், வயதான ஒரு பெண் தொழுதுவிட்டு வந்து நூல் கட்டும் மரம் என்று கதை ஊரைச் சுற்றியிருக்கிறது. அங்கே இறைநேசரான அவுலியா ஒருவர் அடங்கியிருக்கிறார் என்றும் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்தக் கிழமையே பக்கத்து ஒழுங்கைச் சகோதரி ஒருவர் பாற்சோறு கொண்டுவந்தார். (பெயரைப் போட வேண்டாம், கதையைப் போடுங்கள் சேர் என்று அவரே அனுமதி தந்திருக்கிறார்.) மகளுக்குக் கலியாணம் பேசித் தட்டிப்போய்க்கொண்டே இருந்ததாம். நூல் கட்டிய மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் சம்மதம் சொல்லி அனுப்பினார்களாம்.

“என்னகா புள்ள செஞ்சிரிக்காய்?” என்று ராத்தா தலையில் கை வைத்துவிட்டார். “அது காய்க்கிறதுக்குக் கட்டின நூல்கா.”

“அதுதான் ராத்தா, என்ட விஷயமும் காய்ச்சிட்டு.”

நாங்கள் எல்லோரும் சிரித்தோம், ராத்தா சிரிக்கவில்லை. சகோதரி போன பிறகு பாற்சோற்றை மூடி வைத்துவிட்டு என்னைப் பக்கத்தில் இருத்தினார். “தம்பி, நான் இண்டைக்கோ நாளைக்கோ. நான் மௌத்தாப் போன பொறகும் சனம் வந்து இந்த மரத்துல நூல் கட்டினா, அந்தப் பாவம் ஆருட பேருல எழுதுபடும்? தொடங்கி வெச்சவட பேருலதான். கபுறுக்குள்ள கிடந்துகொண்டு நான் அத அவுக்கேலுமா?”

அன்றிலிருந்து அவருக்குச் சோறும் செல்லவில்லை.

பள்ளிவாசல் தலைவரும் இன்னும் இருவரும் வந்தது அதற்குப் பிறகு. எங்கள் ஊரில் எல்லாவற்றிலும் முரண்படும் இரண்டு பக்கத்தாரும் இந்த விஷயத்தில் ஒன்றாக நின்றார்கள். தலைவர் மரியாதையானவர், கதிரையின் நுனியில்தான் இருந்தார்.

“குறை நினைக்கப்படா ராத்தா. மரத்துக்கு நூல் கட்டுற வேலைய நீங்க தொடங்கினதா சனம் கதைக்கிது.”

“நான் மரத்துக்குக் கட்டல்ல தலைவர். பூவுக்குக் கட்டின.”

“மரத்துக்குக் கட்டினா என்ன, பூவுக்குக் கட்டினா என்ன?”

“பூவுக்குக் கட்டினா பழம் திங்கலாம்.”

தலைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “அங்க ஒரு பெரியார் அடங்கியிரிக்கிறதாச் சொல்றாங்களே” என்றார்.

“அந்தப் பெரிய மரத்துக்குக் கீழ அடங்கியிரிக்கிறது எங்கட பழைய கக்கூசுக் குழி. அதுதான் அது மட்டும் அவ்வளவு செழிப்பு.”

மரண மலரில் இதை எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். ஆனால் வந்த மூவரும் முதல் தடவையாகக் கதிரையில் சாய்ந்து இருந்தது இதைக் கேட்ட பிறகுதான்.

அவர்கள் சொல்ல வந்தது, மரங்களை வெட்டிவிட்டால் பிரச்சினை முடியும் என்பது. ராத்தா மறுக்கவில்லை. காய் பருக்கும் வரை தவணை தாருங்கள், அதன் பிறகும் ஒரு நூல் புதிதாக விழுந்தால் கத்தியை நானே எடுத்துத் தருகிறேன் என்றார். நான் பயந்தேன். பூவெல்லாம் உதிர்ந்துவிட்டால் என்ன செய்வது? கடற்காற்று அந்தக் கிழமை பொல்லாததாக இருந்தது. ராத்தாவின் உள்ளத்தில் என்ன ஓடியதென்று நான் கேட்கவில்லை. அவர் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார்.

பூ உதிரவில்லை. நூல் கட்டிய காம்புகளில் பச்சை முடிச்சுகள் தென்பட்டன; பிறகு பாக்கு அளவு, பிறகு எலுமிச்சங்காய் அளவு. ராத்தா தொட்ட இருநூற்றுப் பன்னிரண்டு பூக்களில் நூற்று நாற்பத்தெட்டு காயாகின. நான்கு பக்கமும் ஒன்றுபோல உருண்ட காய்கள். அப்போது ராத்தா மகளை அனுப்பி ஒழுங்கைப் பெண்களை வளவுக்கு அழைத்தார். பாற்சோற்றுச் சகோதரிதான் முதலில் வந்தவர்.

“இது என்ட நூல். கீழ என்ன இரிக்கி?”

“காய்.”

“இந்த நீல நூலுக்குக் கீழ?”

“ஒண்டுமில்ல.”

“மரத்துக்கு வாய் இல்லகா, காதும் இல்ல. தூள் பட்ட பூவு காய்ச்சிரிக்கி, அவ்வளவுதான். ஒண்ட மகளுக்கு மாப்பிள்ளை தந்தவன் மேல இரிக்கான். அவனுக்குச் சொல்ல வேண்டிய நன்றிய எனக்கும் அன்னமுன்னாவுக்கும் பிரிச்சிப் போடாத.”

அந்தச் சகோதரி எட்டி அந்த நீல நூலை அவிழ்த்தார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் தங்கள் தங்கள் நூலைத் தேடிப் போனார்கள். யாருடையது எது என்பதில் சிறு சண்டையும் நடந்தது. ராத்தா கொப்பைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதார். அது கவலையின் கண்ணீர் அல்ல என்று எங்களுக்குத் தெரியும். அன்று இரவு அவர் இரண்டு தரம் சோறு போட்டுக்கொண்டார்.

பழுத்தபோது முதல் கூடை தலைவர் வீட்டுக்குப் போனது. அடுத்த பூப்பிலிருந்து நூல் இல்லை. பால்மாப் பைக்கற்றைச் சிறு துண்டுகளாக வெட்டிக் காம்பில் மாட்டினார். “பால்மாப் பைக்கற்றுக்கு ஆரும் நேர்ச்சை வெக்க மாட்டாங்க” என்றார். அதன்பின் நான்கு பூப்பு. ஒழுங்கைப் பெண்களில் ஆறு பேர் தூரிகை பிடிக்கப் பழகினார்கள். அவர்கள் தங்கள் வேலிகளில் தானாக முளைத்த மரங்களிலும் செய்தார்கள். கல்முனைச் சந்தையில் அன்னமுன்னா வாங்குபவர்கள் உருண்ட பழம் கண்டால் எங்கள் பக்கத்துப் பழம் என்று சொல்வதாகக் கேள்விப்படுகிறேன்.

சென்ற வருடம் ராத்தாவைப் பாரிசவாதம் விழுத்தியது. வைத்தியசாலையில் ஒரு பக்கம் அசைவற்றுக் கிடந்தார். புத்தியும் பேச்சும் தெளிவாக இருந்தன. பிள்ளைகளைப் பற்றியோ காணியைப் பற்றியோ அவர் ஒன்றும் கேட்கவில்லை.

“தம்பி, வளவுக்குப் போனியா?”

“போனன் ராத்தா.”

“கொப்பெல்லாம் பார்த்தியா?”

“பதினொரு மரத்தையும் கொப்புக் கொப்பாப் பார்த்தன். ஒரு நூலும் இல்ல.”

“உச்சியில?”

“உச்சிய உங்கட மகள் ஏணி வெச்சிப் பார்த்தா.”

“ஏணிய ஆரு பிடிச்ச?”

“நான்தான்.”

“அப்ப அவ விழுந்திரிப்பாளே” என்றார். பிறகு ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்று சொல்லிக் கண்ணை மூடினார். அப்படி ஆழ்ந்து உறங்கி நான் அவரைப் பார்த்ததில்லை. ரூஹு பிரிந்தது அந்த வெள்ளிக்கிழமை. முகத்தில் ஒரு சுருக்கமும் இருக்கவில்லை. குளிப்பாட்டிய பெண்களும் இதையே சொன்னார்கள்.

இரவு பகல் பார்த்த வைத்தியர்களுக்கும் தாதியர்களுக்கும், ராத்தாவைக் குளிப்பாட்டிக் கபனிட்டவர்களுக்கும், பந்தலுக்குக் கதிரை ஏற்றி அனுப்பிவிட்டுக் கூலி வாங்க மறுத்த பாண்டிருப்பு நண்பருக்கும், விமானம் பிந்தி வந்த மகனுக்காகக் காத்திருந்த ஜமாஅத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சந்தூக்கில் முதல் தோள் கொடுத்தவர் பள்ளிவாசல் தலைவர். மையவாடி வரை அவர் தோளை மாற்றவில்லை. அவருக்கும் நன்றி.

ராத்தாவால் மனம் நொந்தவர்கள் யாரும் இருந்தால் அவரைப் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் இன்னும் ஓர் உதவி கேட்க இருக்கிறது. இந்த ஒரு வருடமும் நான் அஸர் தொழுகைக்குப் பிறகு வளவுக்குப் போய்ப் பார்த்து வருகிறேன். அல்லாஹ்வின் அருளால் ஒன்றும் அகப்படவில்லை, மனம் ஆறுதலாக இருக்கிறது. ஆனால் எனக்கும் வயதாகிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் கொப்பில் பால்மாப் பைக்கற்றுத் துண்டு கண்டால் தொட வேண்டாம்; அதன் கீழே பிஞ்சு இருக்கும். நூல் கண்டால், யாருடையது என்று விசாரிக்காமல், ராத்தாவுக்காக அவிழ்த்துவிடுங்கள்.