மாடு மேயும் நீலத் தட்டு

நான் சிறுபிள்ளையாக இருந்தபோது, கனடாவின் அஜக்ஸ் நகரில் நாங்கள் வாங்கிய வீட்டின் குடிபூரலுக்கு முதல் நாள் எனக்கு ஒரு தட்டுக் கிடைத்தது. சாதாரணத் தட்டு இல்லை, இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துத் தூக்கவேண்டிய தட்டு. பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மையார் சின்ன அப்பார்ட்மெண்டுக்குப் போவதற்காகச் சாமான்களை டிரைவ்வேயில் பரப்பியிருந்தார். நான் தட்டைவிட்டு அசையாமல் நிற்பதைக் கண்டு, கொண்டுபோ என்று சும்மாவே தந்துவிட்டார். இங்கிலாந்தில் செய்து கப்பலில் வந்ததாம். அவருடைய பாட்டியின் தாய் வைத்திருந்ததாம். படத்தைக் கடதாசியில் அச்சடித்து மண்தட்டில் ஒற்றி எடுப்பார்களாம். கடதாசிகள் சேரும் ஓரத்தில் ஒரு ரோசாப்பூவுக்குப் பாதியைக் காணவில்லை. அதையும் விரல் வைத்துக் காட்டினார்.

எல்லாமே நீலம். நீல ஆறு, நீல மரங்கள், கரையில் மேயும் நீல மாடுகள். அதைவிட அதிசயம், தட்டின் நடுவில் ஒரு மரத்தின் வடிவம் பள்ளமாகக் குடையப்பட்டிருந்தது. கிளைகளெல்லாம் தண்டில் சேர, தண்டு ஒரு முனையிலிருந்த குழிக்குள் இறங்கியது. நாளைக்குப் பிள்ளையாரை இதில்தான் வைக்கவேண்டும் என்று வீட்டில் ஒற்றைக்காலில் நின்றேன்.

எங்கள் வீட்டுக்குள் முட்டைகூட வராது. அம்மா எட்ட நின்றுதான் தட்டைப் பார்த்தார்.

"உதிலை வெள்ளைக்காரர் என்னத்தை வைச்சுத் திண்டினமோ. சாமிக்கு வைக்கேலாது."

நல்லவேளையாக மாமா வந்தார். அம்மாவின் தம்பி; தனக்குத் தெரியாத விஷயத்தில்தான் மிகத் தெளிவாக வாதாடுவார். தட்டை வெளிச்சத்தில் பிடித்து, மாடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"அக்கா, மாடு கீறின தட்டிலை ஆரும் மாட்டை வைச்சுத் தின்னுவினமே?"

இந்த வாதத்தை உலகத்தில் எவராலும் வெல்லமுடியாது என்று நான் நினைத்தேன். தட்டு மஞ்சள் தண்ணீரில் குளித்துச் சாமியறைக்குப் போனது.

மறுநாள் ஐயர் பிள்ளையாரைத் தட்டின் நடுவில் இருத்திப் பாலை ஊற்றினார். ஐயோ, அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! பால் பிள்ளையாரின் தும்பிக்கையால் வழிந்து, நீல மாடுகளுக்கிடையில் கிளைகிளையாக ஓடி, தண்டில் ஒன்றுசேர்ந்து குழியை நிரப்பியது. வெளியே ஒரு சொட்டுச் சிந்தவில்லை. பிள்ளைகள் நாங்கள் முண்டியடித்துக்கொண்டு பார்த்தோம். அபிஷேகத்துக்கென்றே செய்த தட்டு என்று ஐயர் வாயாரப் புகழ்ந்தார். மாமா தானே சூளையில் வைத்துச் சுட்டதுபோல முகத்தை வைத்துக்கொண்டார்.

அம்மா அழைத்திருந்ததால் பக்கத்து வீட்டு அம்மையாரும் வந்திருந்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர் தட்டைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். ஐயர் குழியிலிருந்து பாலைக் கரண்டியால் அள்ளி அவர் கையிலும் ஊற்றினார். அம்மாவுக்கு மனதின் ஒரு மூலையில் இன்னும் அரித்துக்கொண்டிருந்தது போலும். என்னைப் பக்கத்தில் இழுத்தார்.

"இவவைக் கேள், முந்தி உதிலை என்ன வைச்சவை எண்டு."

நான் ஆங்கிலத்தில் கேட்டேன். அம்மையார் பிள்ளையாரைப் பார்த்தார், பாலைப் பார்த்தார், கடைசியாக அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"ஃபிளவர்ஸ்" என்றார்.

"பூவாம், அம்மா."

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. அம்மையாருக்குக் கைநிறையப் பலகாரம் கட்டிக் கொடுத்தார். பிள்ளையார் இன்றைக்கும் அந்தத் தட்டில்தான் இருக்கிறார்.

நான் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு, அஜக்ஸுக்குப் பக்கத்து ஊரான விட்பியில் ஒரு சிநேகிதியின் வீட்டுக் கிறிஸ்மஸ் விருந்துக்குப் போனேன். மேசைக்கு அதேபோல மரவடிவப் பள்ளம் குடைந்த தட்டு வந்தது. அதில் வாட்டிய மாட்டிறைச்சி. வெட்ட வெட்ட, அதன் சாறு கிளைகிளையாக ஓடி, தண்டில் சேர்ந்து குழிக்குள் இறங்கியது.

குடிபூரலன்று அம்மையார் பதில் சொல்லமுதல் பிள்ளையாரையும் பாலையும் அம்மாவையும் பார்த்ததை நான் கவனித்திருந்தேன். தட்டைப் பிரிந்த கவலையாக்கும் என்று நினைத்தேன். அம்மாவுக்காக அவர் ஒரு பொய்யைத் தேடிக்கொண்டிருந்தது எனக்கு அப்போது விளங்கவில்லை.